மேல் தோப்பு வால்வு

பட்டறைக்குப் புதிதாக வருகிற எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றைத்தான். விருதுநகர் பக்கம் குடிக்கிற தண்ணீரே லாரியில் வருகிறது, இங்கே தண்ணீரில் கரண்டு எடுக்கிற வேலைக்கு யாரக்கா ஆர்டர் கொடுப்பார்கள் என்று. நியாயமான கேள்விதான். ஆமத்தூரிலிருந்து பஸ் ஏறி நான் இந்தப் பட்டறைக்கு மோட்டார் காயில் கட்ட வந்தபோது எனக்கும் அதே சந்தேகம் இருந்தது. ஆனால் மேற்கே போய்ப் பாருங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி மலையடிவாரத்துத் தோப்புகளுக்குப் போனால், மின்கம்பம் எட்டாத இடங்களில்கூட வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் ஓடை ஓடிக்கொண்டிருக்கும், வீட்டுக்குள் அரிக்கேன் எரிந்துகொண்டிருக்கும். அவர்களுக்காகத்தான் நம் முதலாளி அண்ணாச்சி, மோட்டாரையே ஜெனரேட்டராக மாற்றி ஓடைத் தண்ணீரில் ஓட்டுகிற வேலையைக் கையில் எடுத்தார். காயில் கட்டிக்கொண்டிருந்த நான் கூடவே போனேன். ஓய்வு பெறுகிற வரைக்கும் போய்க்கொண்டிருந்தேன்.

பைப்பை எப்படி இணைப்பது, பேரிங்கை எப்போது மாற்றுவது என்பதெல்லாம் பட்டறையில் இருப்பவர்கள் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். நான் சொல்ல வந்தது வேறு.

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற ஒரு முதலாளி, மலையடிவாரத்தில் புதிதாகத் தோட்டம் வாங்கியிருந்தார். ஐப்பசி மழையில் ஓடை பொங்கி ஓடுவதைப் பார்த்துவிட்டு, உடனே மிஷின் வேண்டும், வருகிற விருந்தாளிகளுக்குக் காட்ட வேண்டும் என்றார். பங்குனியில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசுவோம் என்றேன். அண்ணாச்சிக்கு என் மேல் கோபம், வந்த ஆர்டரைத் திருப்பி அனுப்புகிறாளே என்று. பங்குனியில் அந்த முதலாளி போயிருக்கிறார். ஓடைக்குள் ஆடு படுத்திருந்ததாம். அதிலிருந்து வருடா வருடம் தீபாவளிக்கு எனக்கு ஒரு பெட்டி பட்டாசு அனுப்பிவிடுகிறார். ஓடை மெலிந்து கிடக்கிற மாதத்தில் பார்க்காமல் எந்த வேலைக்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இன்னொருவரையும் சொல்லிவிடுகிறேன். அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு இடிதாங்கி வேலைக்குப் போயிருந்தேன். மருந்து கலக்கிற ஷெட்டுக்குப் பக்கத்தில் குழி தோண்ட வேண்டும். அங்கிருந்த ஃபோர்மேன் என் டூல் பையைக் கீழே வைக்கச் சொன்னார். "வேலை இருக்கட்டும்மா. ஏதாவது ஒண்ணுன்னா எந்தப் பக்கம் ஓடுவேன்னு மொதல்ல காட்டு" என்றார். நான் காட்டினேன். அந்த வழியில் ஒரு கூடை கிடந்தது. அவரே போய் அதை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகுதான் கடப்பாரையைத் தொட விட்டார். அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் அதற்கப்புறம் எந்த மிஷினைப் பார்த்தாலும், இதை எப்படி ஓட்டுவது என்பதற்கு முன்னால் இதை எப்படி நிறுத்துவது, யார் நிறுத்துவார்கள் என்றுதான் என் மனது கேட்கும்.

ஜெபமணி டீச்சர் வீட்டு வேலையை எடுத்தபோதும் அதைத்தான் கேட்டேன்.

ஜெபமணி டீச்சர் விருதுநகரில், ரயில் தண்டவாளத்தை ஒட்டிய ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். ரயில் போகும்போது மற்ற டீச்சர்கள் பாடத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்களாம். இவர் நிறுத்த மாட்டார், குரலை உயர்த்திக்கொள்வார். ஓய்வு பெற்ற பிறகு, கணவர் விட்டுப்போன மாந்தோப்புக்கே குடி வந்துவிட்டார். அது பாகம் பிரித்த தோப்பு. கீழ்ப் பாதி டீச்சருக்கு. மேல் பாதி அவருடைய கணவரின் தம்பிக்கு வந்தது. தம்பியும் காலமாகிவிட, அவர் மனைவி தங்கபுஷ்பம் அங்கே தனியாக இருந்தார். அவர் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓடை முதலில் மேல் தோப்பு வழியாகச் சரிந்து, அப்புறம் கீழே வருகிறது. இரண்டு பேருக்கும் ஒரே ஓடை, ஒரே பாதை. ஆனால் பல வருடமாகப் பேச்சு இல்லை.

ஏன் என்று அண்ணாச்சிக்குத் தெரிந்திருந்தது. தம்பிக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அங்கே வராந்தாவில், அத்தனை பேருக்கும் நடுவில் டீச்சர், வீட்டிலேயே நர்ஸ் இருந்தும் கவனிக்காமல் விட்டாயே என்று தங்கபுஷ்பத்தைக் கேட்டுவிட்டார். அழுகையோடு அழுகையாக வந்துவிட்ட வார்த்தை அது. அடக்கம் முடிந்த பிறகு தங்கபுஷ்பம் டீச்சர் பக்கம் திரும்பவே இல்லை.

இடத்தைப் பார்த்ததுமே எனக்குச் சிக்கல் புரிந்துவிட்டது. கீழ்த் தோப்பில் ஓடை சமதளமாக ஓடுகிறது. தண்ணீர் உயரத்திலிருந்து விழுந்தால்தான் சக்கரம் சுற்றும். சரிவு முழுக்க மேல் தோப்பில் இருக்கிறது. ஆக, பைப்பும் மிஷினும் தங்கபுஷ்பத்தின் நிலத்தில், வெளிச்சம் டீச்சர் வீட்டில். நான் மேலே போய்க் கேட்டேன். அவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, பைப் போகட்டும், மிஷின் ஷெட் ஒரு ஓரமாக இருக்கட்டும், அதற்கு மேல் ஒரு பெட்டிகூட என் இடத்தில் வைக்கக் கூடாது, எனக்கு ஒரு பல்பும் வேண்டாம் என்றார்.

அந்தப் பெட்டிதான் பிரச்சினை. ஓடையில் தண்ணீர் ஒரே அளவாக வந்துகொண்டே இருக்கும். ஆனால் வீட்டில் ஒரு நேரம் எல்லா லைட்டும் எரியும், ஒரு நேரம் ஒன்றுமே எரியாது. செலவாகாத கரண்டுக்கு ஒரு வழி காட்டாவிட்டால் மிஷினுக்குப் பாரம் குறைந்து வேகம் கூடிக்கொண்டே போகும். அதனால் ஒரு கண்ட்ரோலர் பெட்டி வைத்து, மிஞ்சுகிற கரண்டை ஒரு தண்ணீர் டிரம்மில் இருக்கிற ஹீட்டருக்குத் திருப்பிவிடுவோம். கரண்டு வெந்நீராகப் போய்விடும், மிஷின் ஒரே வேகத்தில் ஓடும். அந்தப் பெட்டியும் டிரம்மும் மிஷினுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். தூரத்தில் வைத்து, நடுவில் கம்பி அறுந்தால் மொத்தப் பாரமும் ஒரே நொடியில் போய்விடும். இது எனக்கும் தெரியும், அண்ணாச்சிக்கும் தெரியும். ஆனால் தங்கபுஷ்பம் இடம் தர மாட்டேன் என்கிறார். வேலையை விட்டுவிடலாம் என்றுகூட யோசித்தேன். அண்ணாச்சி, டீச்சர் வீட்டிலேயே வைத்துவிடுவோம் என்றார்.

நான் ஒரு நிபந்தனை போட்டேன். தண்ணீரை அடைக்கிற வால்வு ஷெட்டுக்குச் சற்று மேலே, சரிவில் இருந்தது. மிஷின் சத்தம் மாறினால் அதைக் கேட்கிற தூரத்தில் இருப்பது தங்கபுஷ்பம் ஒருவர்தான். அவர் அந்த வால்வை மூடக் கற்றுக்கொள்ளாவிட்டால் மிஷினை ஓடவிட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மறுபடி மேலே போய் அவரிடம் கேட்டேன். அந்த ஒன்றுக்கு மட்டும் ஒப்புக்கொண்டார்.

"மிஷினுக்காகப் பண்றேன். கீழ இருக்கவுகளுக்காக இல்ல. அதைச் சொல்லிருங்க" என்றார்.

வால்வை வேகமாக மூடக் கூடாது. மேலிருந்து வேகமாக வருகிற தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால், அந்த வேகம் முழுவதும் பைப்பின் மேல் மோதும். பைப் வெடித்துவிடும். மூடுகிறவரும் பைப்புக்குப் பக்கத்தில்தானே நிற்கிறார்? இதை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அவர் தலையாட்டினார். "நரம்புல ஊசி போடுற மாதிரி. அவசரம்னாலும் மெதுவாத்தான் ஏத்தணும்" என்றார். எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், இவ்வளவு சீக்கிரம் யாரும் பிடித்துக்கொண்டதில்லை.

மிஷின் நன்றாகவே ஓடியது. டீச்சர் வீட்டில் லைட், ஃபேன், டிவி எல்லாம் வந்தது. மேலே தங்கபுஷ்பம் சின்ன சோலார் விளக்கோடு இருந்தார். டீச்சர் என்னிடம் ஒவ்வொரு தடவையும், மேலே மிஷின் சத்தம் தொந்தரவாக இருக்கிறதா என்று கேட்பார். நேராகப் பெயரைச் சொல்ல மாட்டார். "அங்கன" என்பார். மேலே போனால் தங்கபுஷ்பம், கீழே வெளிச்சம் ஒழுங்காக வருகிறதா என்று கேட்பார். அவரும் "அங்கன" என்றுதான் சொல்வார். எனக்கு இரண்டு அங்கனவுக்கும் நடுவில் நடப்பதே வேலையாகப் போனது.

அடுத்த மழைக்காலத்தில் சல்லடையைச் சுத்தம் செய்யப் போனேன். பைப்புக்குள் இலை தழை போகாமல் தடுக்கிற சல்லடை அது, மழையில் அடிக்கடி அடைத்துக்கொள்ளும். மத்தியான நேரம். கீழ் வீட்டில் கண்ட்ரோலர் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மழை பிடித்துக்கொண்டது. கூடவே காற்று. டீச்சர் காபி போட உள்ளே போனார். அப்போது தோப்புக்குள் ஒரு பெரிய கிளை முறிகிற சத்தம் கேட்டது. லைட் எல்லாம் அணைந்தது. அடுத்து மேலேயிருந்து ஒரு கூச்சல் வந்தது. மனிதக் குரல் இல்லை, மிஷின். பாரம் போனதும் வேகம் ஏறி, ஊளையிடுகிற மாதிரி சத்தம் கூடிக்கொண்டே போனது.

நான் வெளியே ஓடினேன். மாமரக் கிளை விழுந்து கம்பி அறுந்து, மிஷினிலிருந்து வருகிற முனை பாதையின் குறுக்கே ஈர மண்ணில் கிடந்தது. அந்தப் பக்கம் ஓடை, இடுப்பளவு செந்தண்ணீர் புரண்டு போகிறது. இந்தப் பக்கம் பாறை. மேலே போக இருந்த ஒரே வழியில் அந்தக் கம்பி கிடந்தது.

இந்த இடத்தை நீங்கள் நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். என் கால் தாவப் பார்த்தது. சின்னக் கம்பிதான், ஓர் எட்டு வைத்தால் தாண்டிவிடலாம். வால்வு அங்கே இருக்கிறது, அதை மூடத் தெரிந்தவள் நான். மிஷின் கத்தக் கத்த, போ போ என்று சொல்வது மாதிரியே இருந்தது. ஆனால் அறுந்து கிடக்கிற கம்பியில் கரண்டு இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வேகம் ஏறின மிஷின் வழக்கத்தைவிட அதிகமாகவே அனுப்பிக்கொண்டிருக்கலாம். ஈர மண்ணில் எவ்வளவு தூரம் பரவியிருக்கும் என்பதும் தெரியாது. நான் நின்றுவிட்டேன். மிஷின் உடைந்தால் பட்டறையில் இன்னொன்று செய்துகொள்ளலாம்.

டீச்சர் எனக்குப் பின்னால் வந்து, மெயினை அணைத்துவிடவா என்றார். அதனால் பிரயோசனம் இல்லை, கம்பிதான் நடுவில் அறுந்துவிட்டதே என்றேன். அவர் என்னைத் தாண்டிப் பாதையில் இறங்கப் போனார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். விடு, அவள் அங்கே தனியாக இருக்கிறாள் என்றார். நான் விடவில்லை.

மரங்களுக்கு இடையில் தங்கபுஷ்பம் தெரிந்தார். குடைகூட இல்லாமல் சரிவில் ஏறி வால்வைப் பிடித்துவிட்டார். எனக்கு மூச்சு வந்தது. அடுத்த நொடியே பைப்புக்குள் 'டம்' என்று ஒரு சத்தம். பயத்தில் வேகமாகத் திருப்புகிறார். தண்ணீர் முட்டுகிறது. இன்னும் இரண்டு சுற்று அப்படித் திருப்பினால் பைப் வெடித்து அவர் மேலேயே அடிக்கும்.

நான் கத்தினேன். மழைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. செல்லில் டவர் இல்லை. டீச்சரிடம், வேகமாக மூடுகிறார், மெதுவாக மூடச் சொல்ல வேண்டும், நீங்கள் கூப்பிடுங்கள் என்றேன்.

டீச்சர் என்னைப் பார்த்தார். "நான் கூப்பிட்டா அவ நிப்பாளா?" என்று கேட்டார்.

"உங்க குரல் ஒண்ணுதான் அங்கன வரைக்கும் போகும் டீச்சர்."

அவர் பாறை மேல் கை வைத்து நிமிர்ந்து நின்றார். "தங்கம்!" என்று கூப்பிட்டார். வாழ்நாளெல்லாம் ரயிலோடு போட்டி போட்ட குரல் அது. மழை, மிஷின், ஓடை எல்லாவற்றையும் தாண்டிப் போனது. தங்கபுஷ்பத்தின் கை நின்றது. அவர் திரும்பி எங்கள் பக்கம் பார்த்தது இங்கிருந்தே தெரிந்தது.

"மெதுவாத் திருப்பு தங்கம். அவசரமில்ல. நான் இங்கனதான் நிக்கேன்."

அவர் மறுபடி வால்வின் பக்கம் திரும்பினார். டீச்சர் பள்ளிக்கூடத்தில் டிரில் சொல்லிக்கொடுக்கிற மாதிரி, இடைவெளி விட்டு விட்டு ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் எண்ணாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அந்த எண்ணுக்கு ஏற்ப வால்வு திரும்பியது. பைப்பில் முட்டுகிற சத்தம் இல்லை. மிஷினின் ஊளை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, முனகலாகி, கடைசியில் நின்றது. அதற்கப்புறமும் டீச்சர் இரண்டு மூன்று எண்கள் சொன்னார். நிறுத்தலாம் என்று நான் சொல்லவில்லை.

மிஷின் முழுதாக நின்றுவிட்டதை இரண்டு தடவை உறுதி செய்துகொண்டுதான் கம்பியை ஒதுக்கினேன். டீச்சர் எனக்கு முன்னாலேயே ஏற ஆரம்பித்துவிட்டார். முழங்கால் வலி உள்ளவர், அன்றைக்கு எப்படி அந்தச் சரிவில் ஏறினார் என்று தெரியவில்லை. தங்கபுஷ்பம் நனைந்தபடி வால்வு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து சிவந்திருந்தது. டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கைகளைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நான் ஷெட்டுக்குள் போய், பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத போல்ட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தகர ஷெட், காது கேட்காமல் இருக்குமா?

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று டீச்சர் சொன்னார். வீட்டில் எத்தனையோ தடவை எழுந்து, இங்கே வந்து சொல்லிவிட நினைத்து, பாதி வழியில் திரும்பிப் போயிருக்கிறாராம்.

தங்கபுஷ்பம் சொன்னார். "நீங்க கேட்டதுல தப்பில்லக்கா. அதே கேள்வியை நான் என்னையே கேட்டுக்கிட்டுதான் அங்கன உக்காந்திருந்தேன். நீங்களாவது கேக்காம இருப்பீகன்னு நெனச்சேன்."

அழுகிற சத்தம் கேட்டது. யார் அழுதார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் புதுக் கம்பியும் புதுப் பேரிங்கும் எடுத்துக்கொண்டு போனோம். கண்ட்ரோலர் பெட்டியை எங்கே வைப்பது என்று நான் கேட்கவே தேவையிருக்கவில்லை. தங்கபுஷ்பம் தன் சமையலறைச் சுவருக்கு வெளியே இடத்தைச் சுத்தம் செய்து, டிரம் வைக்கச் செங்கல் மேடைகூடக் கட்டி வைத்திருந்தார். இனி நடுவில் கம்பி அறுந்தாலும் பாரம் மேலேயே இருக்கும், மிஷின் தறிகெட்டு ஓடாது. மேல் வீட்டுக்கும் லைட் இழுத்தோம். அன்று மத்தியானம் இரண்டு பேரும் சேர்ந்து எங்களுக்குச் சோறு போட்டார்கள். குழம்பில் புளி கூடிவிட்டதா என்று இரண்டு பேரும் வாதாடினார்கள். அண்ணாச்சி என்னிடம் மெதுவாக, பேசாமல் இருந்தபோதே அமைதியாக இருந்தது என்றார்.

இந்தக் கதையில் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. கண்ட்ரோலர் மிஷின் பக்கத்தில் இருக்க வேண்டும், வால்வை மெதுவாக மூட வேண்டும், அறுந்த கம்பியைத் தாண்டக் கூடாது. எல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனால் ஒரு வீட்டுக்கு மிஷின் வைக்கப் போகும்போது, அந்த மிஷின் சத்தம் யார் காதில் விழும், அவருக்கும் அந்த வீட்டுக்கும் என்ன உறவு என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஓடையை அளப்பது மாதிரி அதுவும் நம் வேலையில் சேர்ந்ததுதான்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய மார்கழியில் கடைசியாக அங்கே போனேன். மேகமும் பனியுமாகச் சாயங்காலமே மங்கிவிட்டிருந்தது. டீச்சர் வீட்டில் ஒரே ஒரு பல்பு. ஃபேன் இல்லை, டிவி இல்லை. டீச்சர் அந்த ஒற்றை வெளிச்சத்தில் வேதப் புத்தகத்தைக் கண்ணோடு ஒட்டி வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். ஏதோ கோளாறு என்று பதறி மீட்டரை எடுத்து வைத்துப் பார்த்தேன். கரண்டு முழுசாக வந்துகொண்டிருந்தது. சுவிட்சைத்தான் அணைத்து வைத்திருக்கிறார்.

ஏன் டீச்சர் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் கூச்சத்தோடு சிரித்தார்.

"இங்கன எம்புட்டு மிச்சம் பிடிக்கோமோ அம்புட்டும் அங்கன வெந்நியாகும்னு நீதானம்மா சொன்ன. பனிக்காலம்லா. தங்கத்துக்கு மூட்டு பிடிச்சுக்கிடுது. அவகிட்டச் சொல்லிராத, வெந்நியே வேண்டாம்னுருவா."

அந்தப் பல்புகளை எல்லாம் அணைத்து மிஞ்சுகிற கரண்டில் ஒரு சொம்புத் தண்ணீர் சுடுவதற்கே நேரமாகும். அதை நான் சொல்லவில்லை.

மேலே போனேன். தங்கபுஷ்பம் டிரம் பக்கத்தில் கவலையோடு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, கீழே சில நாளாக வெளிச்சமே தெரியவில்லை, அக்கா இருட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது, இந்த ஹீட்டர்தான் அங்கே போகிற கரண்டை இழுத்துவிடுகிறதோ என்று கேட்டார். இதைக் கழற்றிவிடலாமா, எனக்குப் பச்சைத் தண்ணீரே போதும் என்றார்.

டிரம்மைத் தொட்டுப் பார்த்தேன். எப்போதும் போல நல்ல சூடு இருந்தது.

"மிஷின்ல ஒரு கோளாறும் இல்லக்கா. நீங்க போய்க் குளிங்க" என்றேன்.

மீட்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்க நடந்தேன்.